சென்டம் வாங்கித் தரும் பிரெஞ்சு

பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் சேரும்போது, தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்கலாமா என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மொழிப்பாடத்தில் வேறு மொழி எடுக்க இடமுண்டு. எடுப்பவர்களில் பலருக்குப் பிரான்ஸ் மீது தனி ஈடுபாடு ஒன்றும் கிடையாது. பிரெஞ்சு 'ஸ்கோரிங்', அவ்வளவுதான். தமிழ்த் தாளில் குறளும் கம்பனும் இலக்கணமும் பல வருடப் படிப்புக்குரிய கனத்தோடு வரும். பிரெஞ்சுத் தாளோ இரண்டு வருடம் முன்பு எழுத்துக்கூட்டத் தொடங்கியவரும் எழுதிவிடக்கூடியது. மொத்த மதிப்பெண் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. மாநில ரேங்க் அறிவித்த காலத்தில் (2017-இல் அது நிறுத்தப்பட்டது) தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களையும் பிறமொழி எடுத்தவர்களையும் தனித்தனியாகவே அறிவித்தார்கள். தராசு சாய்ந்திருப்பது அரசுக்கும் தெரிந்தேதான் இருந்தது.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு தேர்வில் இருக்கிறது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பும் சொல்லித்தரும். உதாரணமாக, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பிரெஞ்சில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. வாசித்தல், எழுதுதல், இலக்கணம், பண்பாடு எல்லாம் அதில் அடக்கம். காதுக்கும் வாய்க்கும் உள்ள பங்கு, பள்ளியே போட்டுக்கொள்ளும் 20 மதிப்பெண்ணில் ஒரு மூலையில் கிடக்கிறது. எந்த மொழிக்கும் இது குறைதான் என்றாலும் பிரெஞ்சுக்கு இது கூடுதல் கேடு. 'பேசு' என்ற வினையை நான், நீ, அவன், அவர்கள் என்று நான்கு பேருக்குச் சேர்த்துச் சொன்னாலும் காதில் விழுவது 'பார்ல்' என்ற ஒரே ஒலி. எழுதும்போதுதான் ஈறு மாறுகிறது. 'அவர்கள்' வடிவத்தில் கடைசி மூன்று எழுத்துகளை யாரும் உச்சரிப்பதே இல்லை. நம் பிள்ளைகளின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஊமை எழுத்துகளைத் தப்பில்லாமல் போடுவதில் போய்விடுகிறது. பிறகு, சென்டம் வாங்கியவருக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டால் புரியவில்லை என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மார்க்காவது கைக்கு வந்ததே, அது போதாதா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மார்க் எங்கே செல்லுபடியாகிறது? பொறியியல் கட்ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் வைத்துப் போடப்படுகிறது, மருத்துவத்துக்கு நீட். மொழிப்பாடத்தில் கூடுதலாக வந்த பத்து மதிப்பெண் மார்க் ஷீட்டில் அழகாக இருக்கும், சீட்டு வாங்கித் தராது. மொழியே உண்மையில் உதவும் இடங்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. பிரெஞ்சு அரசின் சான்றிதழான டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோல்வி. கனடாவில் குடியேறப் பிரெஞ்சைக் காட்ட நினைப்பவரும் இந்த நான்கிலும் தேறியாக வேண்டும். பள்ளி மதிப்பெண்ணை அங்கே யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் பிரெஞ்சையே நீக்கிவிட்டு எல்லோரையும் தமிழ் படிக்கச் சொல்லலாமே என்போரும் உண்டு. பிளஸ் டூவிலும் தமிழ் கட்டாயம் வேண்டும் என்ற வாதத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் அது பிரெஞ்சை விரட்டுவதற்குக் காரணமாகாது. தமிழோடு கூடவே ஒரு பிறமொழியைப் படிக்க வழி செய்யலாம். தமிழருக்குப் பிரெஞ்சு அந்நியமான ஆடம்பரமும் அல்ல. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. அங்கே பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் நடக்கும் லிசே பள்ளி 1826-இல் தொடங்கியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்களைப் புதுச்சேரி இன்றும் 'சொல்தா' என்கிறது. பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்த தெருக்களே இருக்கின்றன. காம்யுவின் 'அந்நியன்', செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' ஆகியவை ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல் வெ. ஸ்ரீராம் உள்ளிட்டோரின் கையால் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்தன. ஆண்டுதோறும் இத்தனை பேர் பிரெஞ்சுத் தாள் எழுதும் ஊரில், அப்படி நேரடியாக மொழிபெயர்க்கக்கூடியவர்கள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உருவாக்கும் நோக்கம் நம் வினாத்தாளுக்கு இல்லை.

கேட்டலையும் பேசுதலையும் தேர்வில் சேர்த்தால் இது மாறும். பேச்சுத் தேர்வு நடைமுறைக்கு ஒத்துவராது, வேண்டிய பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மார்க்கை அள்ளிப்போடுவார்கள் என்பது கடைசியாக வரும் தடை. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒவ்வொரு வருடமும் பிராக்டிக்கல் நடக்கிறது, வேறு பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருகிறார், குறைகள் இருந்தும் யாரும் அதை நிறுத்தச் சொன்னதில்லை. பிரெஞ்சு எடுப்பவர்களோ பிராக்டிக்கல் செய்பவர்களை விட மிகக் குறைவு. ஆளுக்குப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவுசெய்து வெளியூரில் திருத்தக் கொடுத்தால் முகத்தாட்சண்யத்துக்கும் இடம் குறையும். கேட்டல் தேர்வு இன்னும் சுலபம். வகுப்பறையில் ஒரு ஸ்பீக்கர் போதும்.