சொட்டு மருந்தும் சிவந்த கண்ணும்

கண்ணுக்கு நன்மை செய்யும் மருந்தே சில வேளை கண்ணை உறுத்துவதைப் பற்றி இன்று பேசுவோம்.

கண்ணினுள் ஒரு நீர் இடையறாது சுரந்து வடிகிறது. அதன் வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நலியும். இதுவே கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலும் இதில் வலி தோன்றுவதில்லை. ஓரப்பார்வை மெல்லக் குறையும். இழந்த பார்வை மீளாது. எஞ்சிய பார்வையைக் காப்பதே சொட்டு மருந்தின் பணி.

ஆயினும் நோய் தராத தொல்லையை மருந்து தருவதுண்டு. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லட்டனோபிராஸ்ட் கண்ணைச் சிவக்கச் செய்யலாம். இமை மயிரை நீளச் செய்யும். இமைத் தோலைக் கறுக்கச் செய்யும். கருவிழியின் நிறமும் நிலையாக மாறக்கூடும்; நம்மவரின் கரும்பழுப்பு விழிகளில் அது எளிதில் புலப்படாது. பிரிமோனிடின் சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாக்கும். டிமோலால் எரிச்சலும் வறட்சியும் தரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையும் வருவிக்கும். பழைய மருந்தாகிய பைலோகார்பின் கண்மணியைச் சுருக்குவதால் இரவில் பார்வை மங்கும். மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும் கண்ணை உறுத்துவதுண்டு.

இவற்றுக்கு அஞ்சிப் பலர் தாமே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். சிவப்பு தணிகிறது; குணமாயிற்று என்று எண்ணுகின்றனர். உள்ளே அழுத்தமோ ஓசையின்றி மீண்டும் ஏறுகிறது. ஆகவே மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. வேறு மருந்தோ, அந்தச் சேர்க்கைப் பொருள் இல்லாத மருந்தோ, லேசர் சிகிச்சையோ அவர் தேர்ந்து கூறுவார். கடும் வலியோ, இமை வீக்கமோ, திடீர்ப் பார்வைக் குறைவோ கண்டால் அன்றே செல்லுங்கள்.

ஒரு வேளைக்கு ஒரு சொட்டே போதும். இட்டபின் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் முனையை விரலால் மெல்ல அழுத்துங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், தோல் கறுப்பது குறையும். இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடம் விடுங்கள்.

தெலுங்கு பேசும் மருத்துவரிடம் செல்லும் முதியவர்கள் மருந்துப் புட்டியையே கையோடு கொண்டு செல்க. அரிப்புக்குத் ‘துரத’, சிவப்புக்கு ‘எருப்பு’, வலிக்கு ‘நொப்பி’ என்னும் மூன்று சொற்களை அறிந்திருந்தால் போதும். மருத்துவர் உங்கள் குறையை உணர்ந்துகொள்வார்.