சூட்டை அளக்க ஒரு குளிர்பெட்டி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் முதலில் நிற்பது டிவி நாடகம்தான். படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு திரை கறுத்துவிடும். கூரையிலுள்ள டிஷ்ஷைத் திட்டிப் பயனில்லை. செயற்கைக்கோளிலிருந்து வருவது ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை. வழியில் மழை அதைக் குடித்துவிடுகிறது.

அதே நுண்ணலை இனத்தில் இன்னொன்று எல்லாத் திசைகளிலிருந்தும் நம் கூரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதை எந்தச் செயற்கைக்கோளும் அனுப்பவில்லை. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 380,000 ஆண்டுகள் கழித்து, சுமார் 3,000 கெல்வின் சூட்டில் இருந்த பிரபஞ்சம் முதன்முறையாகத் தெளிந்தபோது புறப்பட்ட ஒளி அது. அதன் பிறகு பிரபஞ்சம் 1,100 மடங்கு விரிந்துவிட்டதால், இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது மைனஸ் 270.4 டிகிரி செல்சியஸ். அண்ட நுண்ணலைப் பின்னணி என்று இதைச் சொல்கிறார்கள்.

வானொலி வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் 1964-இல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில், தங்கள் ஆண்டெனாவில் விடாமல் கேட்ட ஓர் இரைச்சலாக இதைக் கண்டறிந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய ஓர் ஒப்பீட்டுச் சாதனத்தை அவர்கள் கூடவே வைத்திருந்தது. வானத்தின் சூட்டை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் இருந்திருந்தால், அந்த இரைச்சலைக் கருவிக் கோளாறு என்றே ஒதுக்கியிருப்பார்கள்.

இந்தத் துறையின் தலைவலியே அதுதான். சூடுள்ள எந்தப் பொருளும் நுண்ணலையை உமிழும். காற்று, கண்ணாடிவில்லை, கருவியைத் தாங்கும் உலோகம் எல்லாமே உமிழும். கோலாலம்பூர்க் காற்று சுமார் 300 கெல்வின். நாம் தேடுவதோ 3 கெல்வினுக்கும் குறைந்த ஒளியில், இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறும் வேறுபாடுகளை. அதனால் உணரியை அந்த ஒளியைவிடவும் குளிரான நிலைக்குக் கொண்டுபோகிறார்கள்: சில கருவிகளில் 0.1 கெல்வின் வரை.

உணரி வேலை செய்யும் விதத்தை விளக்க நம் வீட்டு ரைஸ் குக்கரே போதும். சாதாரண குக்கரின் அடியில் ஒரு காந்தத் துண்டு இருக்கிறது. தண்ணீர் வற்றி, சூடு 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் அது காந்தத்தன்மையை இழக்கும், உடனே 'டக்' என்று சுவிட்ச் விழும். ஒரு குறிப்பிட்ட சூட்டில் பொருளின் குணம் சட்டென்று மாறுகிறது. மீக்கடத்தி உலோகமும் அப்படித்தான். அதற்குரிய வெப்பநிலைக்குக் கீழே மின்தடை சுத்தமாக இல்லை, சற்று மேலே போனால் உண்டு. குக்கர் அந்த எல்லையை ஒரே தாவலில் தாண்டிவிடும். இங்கே உலோகப் படலத்தை எல்லைக்கோட்டின் நடுவிலேயே நிறுத்திவைக்கிறார்கள். வானத்து ஒளி தரும் துளி சூடு பட்டாலும் தடை எகிறும்.

அங்கேயே அதை நிற்கவைப்பது எப்படி? மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால் போதும். தடை கூடும்போது மின்னோட்டம் குறையும், அதனால் மின்சாரம் தரும் சூடும் குறையும், படலம் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். 1990-களில் கென்ட் இர்வின் காட்டிய இந்த வழிதான் இன்றைய உணரிகளுக்கு அடிப்படை.

படலம் உட்கார்ந்திருப்பது சிலிக்கான் நைட்ரைடில் செதுக்கிய ஒரு குட்டித் தீவின் மேல். தலைமுடியைவிட மெல்லிய கால்கள் அதைத் தாங்குகின்றன. கால்கள் மெலிந்திருப்பதால் வந்த சூடு உடனே ஓடிவிடாது. அளக்கும் கம்பிகளும் வெளிச்சூட்டை உள்ளே கடத்தும் என்பதால், உணரிக்கு ஒரு கம்பி என்று இழுக்க முடியாது. நூற்றுக்கணக்கான உணரிகளின் செய்தியை ஒரே இணைப்பில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

குளிரூட்டும் பெட்டி, வெற்றிடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூடுகள். உட்கூடுகளை முதலில் சுமார் 4 கெல்வினுக்கு இறக்குகிறார்கள். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ எம்ஆர்ஐ எடுத்தவர்கள் ஏறத்தாழ அந்தக் குளிருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்: அந்தக் கருவியின் காந்தச் சுருளும் திரவ ஹீலியத்தின் குளிரில்தான் இயங்குகிறது. அங்கிருந்து 0.1 கெல்வினுக்குப் போக ஒரு வழி, ஹீலியத்தின் இரண்டு வகைகளைக் கலப்பது. அவற்றில் ஒன்றான ஹீலியம்-3 கலவைக்குள் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், மண்பானையில் கசிந்த நீர் ஆவியாகும்போது பானை குளிர்வதைப் போல. அந்த ஹீலியத்தின் தடயம் முதலில் சிக்கியது 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தில். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் அதைக் கவனித்தார்கள்.

உணரி எவ்வளவு நேர்த்தியானாலும் ஓர் எல்லை உண்டு. ஒளித்துகள்கள் மழைத்துளிகள்போல ஒழுங்கில்லாமல் வருகின்றன; அந்தச் சலசலப்பை எந்தக் குளிரும் போக்காது. உணரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. தென்துருவத்தில் பைசெப்2 கருவியில் 512 உணரிகள் இருந்தன. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள சைமன்ஸ் ஆய்வகத்துக்கு 60,000-க்கும் மேல். உணரி நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பைசெப்2 காட்டியது. 2014 மார்ச்சில், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடத்தை இந்த ஒளியில் கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பிளாங்க் விண்கலத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அதை நம் பால்வீதித் தூசியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏன் பாலைவனமும் துருவமும்? தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால் குளிர்காலத் தென்துருவத்தில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் 50 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இந்த ஒளியைத் தேடி 150 கிகாஹெர்ட்ஸில் வானம் பார்க்கும் கண்ணுக்கு நம் ஆகாயம் நல்ல வெயிலிலும் மூடியதுதான்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் வானொலி அண்டவியல் ஆய்வகம் போனது நீண்ட அலைகளின் பக்கம். தீபகற்பத்தில் வானொலித் தொலைநோக்கிக்கு ஏற்ற இடம் தேடி இரைச்சல் அளந்தவர்கள் அவர்கள். நீண்ட அலைகள் மழையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அங்கே தொந்தரவு கைப்பேசிக் கோபுரங்கள்.