வைக்கோலும் மருந்தே!

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு திருமண விருந்து நடைபெற்றது. எதிர்பார்த்தவர்களில் பலர் வராமையால் இரண்டு அண்டாச் சோறு மிஞ்சிற்று. உணவு வீணாகலாகாது என்ற எண்ணத்தில், "ஆலயத்திற்குப் பின்புறம் குடியிருக்கும் அந்தக் கைம்பெண் வீட்டிற்குக் கொடுத்தனுப்புங்கள், அவருடைய பசுவாவது வயிறார உண்ணட்டும்" என்று சொன்னவர் நாமே.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்த அம்மா ஓடிவந்தார். "சாமி, மாடு எழுந்திரிக்க மாட்டேங்குது. அசை போடல. வயிறு உப்பிக் கெடக்குது" என்றார். நாம் சென்று பார்த்தபோது பசுவின் கண்கள் குழிவிழுந்திருந்தன. சாணம் புளித்த வாடையுடன் நீராய்க் கழிந்துகொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து சேர மாலையாயிற்று. அவர் தம்மால் இயன்றதனைத்தும் செய்தார். ஆயினும் பொழுது விடியுமுன் பசு இறந்தது. அதன் பாலை விற்றே அத்தாய் தம் இரு பிள்ளைகளைப் படிக்கவைத்து வந்தார். "நீங்க நல்லதத்தானே நெனச்சீங்க, சாமி" என்று அவர் நமக்கு ஆறுதல் சொன்னார். அச்சொல் இன்றளவும் நம்மைச் சுடுகிறது.

நம் குடும்பங்கள் பலவற்றில் பசுவோ ஆடோ நாயோ உண்டு. ஆதலின் அன்று மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர்ப் படித்துத் தெளிந்ததையும் இங்கு எழுதுகிறோம்.

பசுவின் வயிற்றில் நடப்பது என்ன?

பசுவின் இரைப்பைக்கு நான்கு அறைகள் உண்டு. அவற்றுள் முதலாவது மிகப் பெரியது. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள், மனிதர் செரிக்கவியலாத புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்லச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. நாருள்ள தீவனம் தின்ற மாடு நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அப்போது ஊறும் உமிழ்நீர் கொஞ்சமன்று; கறவைப் பசுவுக்கு அது நாளொன்றுக்கு 100 லிட்டரையும் தாண்டும். அந்த உமிழ்நீரில் சோடா உப்பு இயல்பாகவே கலந்துள்ளது. இரைப்பையில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பது அதுவே.

சோற்றையோ மென்று அரைக்க வேண்டியதில்லை. அசை போடுதல் குறைய, உமிழ்நீரும் குறைகிறது. அதேவேளையில் சோற்றிலுள்ள மாவுச்சத்து சில மணி நேரத்திற்குள் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் பெருகுகிறது, அதைத் தணிக்கும் நீர் குறைகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலிலுள்ள நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. பெரும்பாலும் 12 மணி முதல் 36 மணி நேரத்திற்குள் மாடு தளர்ந்து படுத்துவிடும்.

திருமண வீட்டுச் சோறு மட்டுமன்று. மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் ஊட்டும் பொங்கலும், பால் பெருகும் என்று நம்பி ஊற்றும் அரிசிக் கஞ்சியும், அவிழ்த்துக்கொண்ட மாடு மூட்டையில் வாய்வைத்துத் தின்ற தானியமும் இதே கேட்டை விளைவிக்கும்.

காக்கும் வழி

மாட்டின் அன்றாடத் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், பாதிக்கேனும் குறையாமல் புல், வைக்கோல், சோளத்தட்டை போன்ற நார்த்தீவனம் இருத்தல் வேண்டும். அதை மாவுபோல் பொடியாக்கலாகாது. மெல்லும் அளவுக்கு நீளம் இருந்தால்தான் அசை போடும். முதலில் வைக்கோல், பிறகு தவிடு, புண்ணாக்கு என்பது நல்ல முறை. புதிய அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். ஆயினும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அது மட்டுமே போதும் என்று எண்ணுவதும் தவறு, பசுந்தீவனமும் வேண்டும்.

மாடு மிகுதியாகச் சோறு தின்றுவிட்டதாகத் தெரிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராதீர்கள். சோறு, கஞ்சி, தவிடு அனைத்தையும் உடனே நிறுத்தி, வைக்கோலை மட்டும் முன்னே போட்டு, மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வைக்கோல் மட்டும் போதாது. அமிலம் தணிக்கும் மருந்தும், நரம்பு வழியே நீரும் அவர் செலுத்துவார். நலமுள்ள மாட்டின் இரைப்பைச் சாற்றை எடுத்து நோயுற்ற மாட்டுக்குப் புகட்டுவதும் உண்டு. மடிந்துபோன நுண்ணுயிர்களுக்கு ஈடாகப் புதியவற்றைக் குடியேற்றும் முறை அது.

நாய்க்கும் முயலுக்கும்

நார்ச்சத்தின் பயன் பசுவோடு முடிவதில்லை. முயலுக்கு உலர்ந்த புல்லே தலையாய உணவு. அது குறைந்தால் குடல் இயக்கம் தளர்ந்துவிடும். நாய்க்கு மலச்சிக்கலோ, பெருங்குடல் கோளாறால் வயிற்றுப்போக்கோ நீடித்தால், மருத்துவர் சிலவேளை இசப்கோல் உமியை உணவில் கலந்து கொடுக்கச் சொல்வார். குஜராத்திலும் இராஜஸ்தானிலும் மிகுதியாக விளையும் இதன் விதை குதிரைக் காது போலிருப்பதால், பாரசீக மொழியில் அப்பொருள்படும் பெயரே இதற்கு அமைந்தது. இது நீரை உறிஞ்சிக் கூழாகும். இறுகிய மலத்தை இளக்குவதும், இளகியதைத் திரட்டுவதும் அதனாலேயே. போதிய நீரின்றிக் கொடுத்தால் இதுவே குடலை அடைத்துவிடும். நாய் வாந்தியெடுத்து வயிறு உப்பியிருந்தால், எலும்போ துணியோ உள்ளே சிக்கியிருக்கலாம். அப்போது நார் எதையும் கொடாமல் மருத்துவரிடமே கொண்டுசெல்ல வேண்டும்.

பங்கு மக்கள் ஒன்றுகூடி அத்தாய்க்கு ஒரு கிடாரி வாங்கித் தந்தனர். அது கன்றீன்று பால் தரும்வரை அக்குடும்பம் பட்ட பாட்டை நாம் அறிவோம். அதன்பின் ஒவ்வொரு திருமணத்தன்றும் நாம் சொல்லத் தவறுவதில்லை: மிஞ்சிய சோற்றை அன்றே பசித்த மனிதருக்குப் பகிர்ந்தளியுங்கள்; மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் கொடுத்தனுப்புங்கள்.