பேப்பர் இல்லாத ஊரிலிருந்து வந்த பேராசிரியர்



பிள்ளைகள் கொலிஜுக்கோ யூனிவேர்சிற்றிக்கோ போகத் தொடங்கினால் அங்கிருந்து செய்திமடல்களும் வரத் தொடங்கும். அதில் ஆசிரியர்கள், அலுவலர்கள் பற்றிய பக்கம் ஒன்று இருக்கும். இன்னார் புத்தகம் வெளியிட்டார், இன்னார் மாநாட்டில் கட்டுரை வாசித்தார், நூலகத்தில் வேலை செய்யும் இன்னாருக்கு விருது கிடைத்தது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எம்மவர்களில் அதை வாசிப்பவர்கள் குறைவு. கட்டணம் எவ்வளவு, கடைசித் திகதி எப்போது என்று பார்த்துவிட்டுக் குப்பைக்குள் போட்டுவிடுவோம். என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர், "கிழமைக்கு ஆறு மணித்தியாலம் படிப்பிக்கிறதும் ஒரு வேலையோ?" என்று சிரித்தார்.

நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரவு வேலையில் பெட்டி அடுக்குகிறவன். இருந்தும் அந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமானவர் சுரேஷ் கனகராஜா என்ற பேராசிரியர்.

1984 தொடக்கம் 1994 வரை இவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி எப்படி இருந்தது என்று எங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். 1990 இல் மறுபடியும் சண்டை தொடங்கிய பிறகு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. படிக்கிற பிள்ளைக்கு ஜாம் போத்தல் விளக்கு. பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது.

அந்த நிலையில் ஒரு விரிவுரையாளர் வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதென்றால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தட்டச்சில் அடித்து, வரிக்கு வரி இடம் விட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கேட்பார்கள். எழுதுவதற்கே பேப்பர் இல்லாதவர் பிரதிக்கு எங்கே போவார்? புதிதாக வந்த ஆய்வுகளைப் படித்தீர்களா என்பார்கள். புதிய இதழ்கள் யாழ்ப்பாணம் வந்து சேர வேண்டுமே! திருத்தி உடனே திருப்பி அனுப்பு என்பார்கள். தபால் எப்போது போகும், எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. எழுத்து எவ்வளவு திறமானதாக இருந்தாலும் இந்த வாசலைத் தாண்டாவிட்டால் அது உலகத்துக்குத் தெரியாமலே போய்விடும்.

கனகராஜா அமெரிக்கா போன பின் இதையே ஆராய்ச்சிக்கு எடுத்தார். 1996 இல் கட்டுரையாகவும், 2002 இல் 'எ ஜியோபொலிற்றிக்ஸ் ஒவ் அக்கடமிக் ரைட்டிங்' என்ற புத்தகமாகவும் எழுதினார். வசதியுள்ள நாடுகளின் ஆய்விதழ்கள் கேட்கிற சின்னச் சின்ன நிபந்தனைகளே வறிய நாட்டு அறிஞர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன என்று அதில் காட்டினார். எனக்கு இதை விளங்கப் பட்டப்படிப்புத் தேவைப்படவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பாததால் திரும்பி வந்த கடிதங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் எழுதப்பட்ட ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்றை வைத்துத்தான் அங்கே முதலாம் வருட மாணவர்களுக்குப் படிப்பித்தார்கள். அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் மாணவர்கள் படம் கீறியிருந்தார்கள், தமிழில் எதையெதையோ எழுதியிருந்தார்கள். வேறு வாத்தியார் என்றால் அடி விழுந்திருக்கும். இவர் அவற்றைச் சேர்த்து வாசித்து, தங்களுக்குச் சம்பந்தமில்லாத பாடத்துக்கு மாணவர்கள் சொன்ன பதிலாக அதை எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு 1993 இல் 'ரெசோல் குவாட்டர்லி' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. 2005 இல் அதே இதழுக்கு அவரே ஆசிரியரானார். 2009 வரை அந்தக் கதிரையில் இருந்தார். கட்டுரைகளை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கிற இடம் அது.

நியூயோர்க்கில் பரூக் கொலிஜிலும் பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்தார். விருதுகள் பல. அமெரிக்கப் பிரயோக மொழியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 2013 இல் வந்த அவருடைய புத்தகம் ஒன்று, பல மொழிகளைக் கலந்து ஆளோடு ஆள் விளங்கிக்கொள்வதை ஒரு திறமை என்கிறது. எங்கள் தொழிற்சாலையில் தமிழும் ஸ்பானிஷும் பிலிப்பைன்ஸ்காரரின் பாஷையும் அரைகுறை ஆங்கிலமுமாகத்தான் வேலை நடக்கிறது, ஒரு பெட்டியும் மாறிப் போவதில்லை. ஆனபடியால் நான் அதை நம்புகிறேன். அதற்காகப் பிள்ளைகள் தமிழை விடுவதற்கு இதைச் சாட்டாகக் கொண்டுவர வேண்டாம்.

இவர் ஒருவர் வாசலைத் தாண்டினார். தாண்ட முடியாமல் போனவர்களின் பெயர் எந்தச் செய்திமடலிலும் இல்லை. அவர்கள் அறிந்தது வகுப்பிலும் மேடையிலும் பேசியதோடு போய்விட்டது. அது எனக்குக் கவலைதான்.

கனடாவிலும் எம்மவர் இருக்கிறார்கள். வின்சர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பித்தவர் கவிஞர் சேரன். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் எங்கள் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 2014 இல் காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 30 இலட்சம் டொலர் 2021 இல் சேர்ந்து முடிந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே ஒவ்வொரு ஆசிரியரும் கிழமையில் சில மணித்தியாலம் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே தன்னுடைய அறையில் இருப்பார். காசு இல்லை, சிபாரிசு தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் வெட்கத்தில் போவதில்லை. போகும்போது அவர் அண்மையில் எழுதியது எதையாவது வாசித்துவிட்டு, அதில் ஒரு கேள்வியோடு போகச் சொல்லுங்கள். புலமைப்பரிசிலுக்கும் மேற்படிப்புக்கும் ஆசிரியரின் கடிதம் கேட்பார்கள். பெயரும் முகமும் தெரியாத பிள்ளைக்கு அவர் என்னத்தை எழுதுவார்?