ஒரே கம்பெனியை நம்பிய கப்பல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றப்படும் கோவில்பட்டித் தீப்பெட்டிகள் பெரும்பாலும் நேராக வெளிதேசம் போவதில்லை. சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறிய பிறகே நெடும்பயணம் தொடங்கும்.

அந்தத் தீப்பெட்டிக்குப் பின்னால் குச்சி தருபவர், மெழுகு தருபவர், பொட்டாசியம் குளோரேட் விற்பவர், அட்டை அச்சிடுபவர், லாரிக்காரர், கப்பல் ஏஜென்ட் என்று பலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்து, யார் யாருக்கு விற்கிறார் என்று கோடு இழுத்துப் பாருங்கள். கிடைப்பதுதான் வணிக வலைப்பின்னல்.

மீன்வலையில் எல்லா முடிச்சும் ஒன்றுபோலவே இருக்கும். வணிக வலை அப்படியல்ல. பெரும்பாலான புள்ளிகளுக்கு நாலைந்து கோடுகள்தான். மிகச் சிலவற்றில் ஏராளமான கோடுகள் வந்து குவியும். புதிதாக வருபவர் ஏற்கெனவே தொடர்பு மிகுந்தவரையே நாடுவதால் இப்படி ஆகிறது என்று 1999இல் இயற்பியலாளர்கள் பராபாசியும் ஆல்பர்ட்டும் விளக்கினார்கள். கொழும்பு அத்தகைய பெருமுடிச்சு.

சிறு முடிச்சு அறுந்தால் வலை தாங்கிக்கொள்ளும். பெருமுடிச்சு அறுந்தால் தாங்காது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை முடங்கியது; உலகெங்கும் கார் உற்பத்தி தடுமாறியது.

இந்தப் பாடத்தை விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி. தூத்துக்குடியிலேயே பட்டறிந்தார். 1906 அக்டோபரில் பதிவான அவருடைய சுதேசி கப்பல் கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஆங்கிலேயர் நெருக்கவே, ஷா லைன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஒரு கோடு அறுந்ததும் கம்பெனியே நின்றுபோகும் நிலை. வ.உ.சி. உடனே இலங்கையில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார்; பிறகு பங்குதாரர் பணத்தில் காலியா, லாவோ என்ற கப்பல்களைச் சொந்தமாக வாங்கவைத்தார்.

கண்ணுக்குப் படாத கோடுகளும் உண்டு. வ.உ.சி.க்குப் போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜென்ட் ஹார்வி நிறுவனம். கோரல் மில்லை நடத்தியதும் அவர்களே. 1908இல் அந்த மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றபோது, கடலில் எதிர்த்தவர்களையே கரையிலும் எதிர்த்தார். மார்ச் 12இல் கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

2025 மே மாதம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டதால், தென்கோடிச் சரக்குக்குக் கொழும்பைத் தவிர இன்னொரு வழி பிறந்திருக்கிறது. தொழில் செய்பவர்கள் தங்கள் வலையையும் ஒருமுறை தாளில் வரைந்து பார்க்கவேண்டும். எந்தச் சரக்குக்கு ஒரே ஒரு கோடு இருக்கிறதோ, அங்கே இரண்டாவது கோட்டை இன்றே தேடுங்கள்.