தொடை எலும்பில் வலி என்றால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

"தொடைக்குள்ள குடையுதுங்க ஐயா" என்று பிரட்டுக்களத்தில் அடிக்கடி கேட்கிறேன். தெமோதரை மலையில் கூடையோடு ஏறி இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது தசைவலிதான். இரண்டு மூன்று நாள் இளைப்பாறினால் குறையும். பயப்பட வேண்டாம்.

இளைப்பாறியும் விடாமல், இராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி வேறு. அதை டாக்டர் பார்க்க வேண்டும். முதுகில் நரம்பு நசுங்கினால் வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும். இடுப்பு மூட்டுத் தேய்ந்தால் கவட்டியிலும் முன்தொடையிலும் வலிக்கும். எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, விழுந்த வயசாளிகளைப் பற்றித்தான். ஒரு அம்மாயி லயத்து வாசலில் வழுக்கி விழுந்தார். சுளுக்கு என்று ஒன்பது நாள் எண்ணெய் போட்டு உருவினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மகளுக்குப் பேர் போய்விடுமாம். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. எலும்பின் தலைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகின்றன. அவை அறுந்தால் தலை செத்துவிடும். அதனால்தான் ஓரிரு நாளுக்குள் ஒப்பரேஷன் செய்யப் பார்க்கிறார்கள். அந்த அம்மா பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கவில்லை.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். சும்மா விழுந்தாலே முறியலாம். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முறிவுதான் என்று எண்ணுங்கள். சிலர் முறிவோடேயே நொண்டி நடப்பார்கள், அதை நம்பி ஏமாறாதீர்கள். உருவாதீர்கள், இழுக்காதீர்கள், எழுப்பி நிற்க வைக்காதீர்கள். பலகையில் படுக்க வைத்துத்தான் தூக்க வேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொடை வலித்து, காலை ஊன்ற மறுத்தால் எலும்பில் கிருமி இருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோங்கள். பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க இது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். அதையும் உருவக் கூடாது. மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

1990 அம்புலன்ஸ் இலவசம். பேசும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லுங்கள். இராத்திரியானால் ரோட்டு முனைக்கு ஒருவரை டோர்ச்சோடு அனுப்பி வையுங்கள்.