பம்பரம் கடைந்து காட்டுவோம்

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும் என்பது நாம் அறிந்ததே. மரத்தையும் கடையலாம் என்பதை நம் மொழி நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றுவது போலவே, பழங்காலக் கைவினைஞரும் மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி இழுத்துச் சுழலவிட்டு, அதன்மீது உளியைப் பிடித்து உருவம் கொடுத்தனர். இவ்விரு வேலைகளுக்கும் 'கடைதல்' என்ற ஒரே சொல் அழகாகப் பொருந்தி நிற்கிறது. கட்டிலின் கால், மாடிப்படியின் கைப்பிடித் தூண், சதுரங்கக் காய், சிறுமியர் விளையாடும் மரச்சொப்பு, சிறுவர் ஆடும் பம்பரம் ஆகிய யாவும் கடைசல் வேலையே.

இக்கலை மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.மு. 300-ஆம் ஆண்டைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், ஒருவர் வாரை இழுத்துச் சுழற்ற மற்றொருவர் உளியைப் பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. இலண்டன் மாநகரின் கடைசல்காரர் சங்கம் 1604-இல் அரச சாசனம் பெற்றது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள சன்னபட்னாவும், நம் நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரமும் அரக்கு வண்ணம் பூசிய கடைசல் பொம்மைகளுக்கும் சொப்புச் சாமான்களுக்கும் பெயர் பெற்ற ஊர்களாகும்.

இன்று தானியங்கிப் பொறிகள் நாற்காலிக் கால்களை விரைந்து கடைந்து தள்ளுகின்றன. எனினும் கையால் கடைவது அழிந்துவிடவில்லை. பொழுதுபோக்காக இதைக் கற்போர் பல நாடுகளில் உள்ளனர். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1987-ஆம் ஆண்டிலும் இவர்களுக்கெனத் தேசியச் சங்கங்கள் தோன்றின. உள்ளூர்க் கழகங்களின் கூட்டங்களில் உறுப்பினர் ஒருவர் முன்வந்து, மற்றவர் காண ஒரு பொருளைக் கடைந்து காட்டுவது வழக்கம். நம் பள்ளிகளிலும் ஊர்களிலும் உள்ள பொழுதுபோக்குக் கழகங்களுக்கும் இந்த வழக்கம் ஏற்றதே. அவ்வாறு முதன்முறையாகக் கடைந்து காட்ட நாம் முன்வந்தால் எவற்றை அறிந்திருக்க வேண்டும்? இக்கட்டுரையில் அதனைக் காண்போம்.

கடைவது வேறு, காட்டுவது வேறு

நன்றாகக் கடையத் தெரிந்தவரும் பிறர் முன் நிற்கும்போது தடுமாறுவதுண்டு. கடைவது ஒரு வேலை. கடைந்து காட்டுவது இன்னொரு வேலை. கடைபவரின் கவனம் முழுவதும் மரத்தின்மீது இருக்கும். காட்டுபவரின் கவனமோ மரத்தின்மீதும் மனிதர்மீதும் இருக்க வேண்டும். "ஆகா, என்ன கைத்திறன்!" என்று வியந்து மட்டும் ஒருவர் வீடு திரும்பினால் அவர் கண்டது வேடிக்கையே. "இதை நானும் செய்து பார்க்கலாமே!" என்ற எண்ணத்தோடு திரும்பினால்தான் அது செய்முறை விளக்கம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை யாவும் எளிதாகும்.

எதைக் கடைவது?

முதன்முறை செய்து காட்டுவதற்குப் பெரிய கிண்ணமோ, நுணுக்கமான பூச்சாடியோ வேண்டாம். அவற்றிற்கு நேரம் மிகுதி. தவறினால் ஆபத்தும் மிகுதி. பம்பரம் ஒன்றே போதும். அது சிறியது, முக்கால் மணி நேரத்திற்குள் விளக்கத்தோடு முடித்துவிடலாம். உருண்டையாக்குதல், சரிவாக்குதல், பள்ளக் கோடிடுதல், மெருகேற்றுதல் ஆகிய அடிப்படை வேலைகள் அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல பம்பரம் எது என்பதைக் கூடியிருக்கும் சிறுமியும் சொல்லிவிடுவாள். தலையாட்டாமல் நின்று சுற்றினால் வெற்றி!

முன்னேற்பாடுகள்

ஐந்து செ.மீ. சதுரமும் பன்னிரண்டு செ.மீ. நீளமும் உள்ள கட்டைகள் மூன்று எடுத்துக்கொள்வோம். கொய்யா போன்ற நெருங்கிய இழையுள்ள மரம் நல்லது. வெடிப்பும் கணுவும் இல்லாதிருக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்.

முதல் நாளே உளிகளைத் தீட்டி வைப்பது இன்றியமையாதது. புதிய உளியையும் புதிய முறையையும் கூட்டத்தின் முன் சோதித்துப் பார்க்கலாகாது. வீட்டிலோ பட்டறையிலோ ஒருமுறை வாய்விட்டுப் பேசிக்கொண்டே கடைந்து பழகுவது நலம். பேசாமல் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, பேசிக்கொண்டு செய்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

மற்றொரு நல்ல உபாயம், பம்பரத்தின் வெவ்வேறு நிலைகளைக் காட்டும் கட்டைகளை முன்கூட்டியே செய்து வைப்பது. வெறுங்கட்டை, உருண்டையான கட்டை, சரிவு வந்த கட்டை, பள்ளக் கோடு விழுந்த கட்டை, முடிந்த பம்பரம் என ஐந்தையும் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தால், பின்வரிசையில் இருப்போரும் விரலால் தடவி உணர்வர். கரும்பலகையில் பம்பரத்தின் படத்தைப் பெரிதாக வரைந்து வைப்போம். சுழலும் மரத்தின் பின்னே வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் அதன் வளைவு தெளிவாகத் தெரியும். வசதியுள்ள கழகங்களில் காமிராவை மேலே பொருத்தித் திரையில் காட்டுகின்றனர்.

முதலில் பாதுகாப்பு

'லேத்' என்று பட்டறைகளில் வழங்கும் கடைசல் பொறியின் வேகத்தை எளிய கணக்கால் அறியலாம். ஐந்து செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்திற்கு 1500 முறை சுற்றினால் அதன் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இருபது செ.மீ. விட்டமுள்ள கட்டை அதே சுற்று வேகத்தில் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது! ஆகவேதான் கட்டை பெரிதாகப் பெரிதாகச் சுற்று வேகத்தைக் குறைக்க வேண்டும். விட்டத்தை அங்குலத்தில் அளந்து சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் அடங்க வேண்டும் என்பது கடைசல்காரர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. இது சமநிலையுள்ள உருண்டைக் கட்டைக்கே பொருந்தும். மூலைகள் உள்ள கட்டையை மிகக் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும்.

மாணவியராகிய நாம் உடையிலும் கூந்தலிலும் சிறப்பாகக் கவனம் கொள்ள வேண்டும். பின்னலை மடித்துக் கட்டுவோம். தாவணியையோ துப்பட்டாவையோ அணிந்துகொண்டு பொறியருகே செல்லலாகாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம், நீண்ட சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைப்போம். கையைக் காக்கும் என்று கையுறை அணிவதும் தவறு. சுழலும் மரம் கையுறையைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் அணிவது அவசியம்.

பார்வையாளருக்கும் நாமே பொறுப்பு. கட்டை பிய்த்துக்கொண்டு எறியப்பட்டால் அது சுழலும் திசைக்கு நேரே பாயும். அந்த நேர்கோட்டில் ஒருவரையும் அமர்த்தாமல், பக்கவாட்டில் தள்ளி அமரச் செய்வோம். இடையே கெட்டியான ஒளிபுகும் தடுப்பு இருப்பது மேலும் நலம். ஆசிரியையோ அனுபவமுள்ளவரோ விசைக்கு அருகில் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் பொறியை ஓட்டும் முன்பே எடுத்துரைப்போம். பார்த்தவர் நாளை தம் வீட்டில் முயலும்போது, நாம் சொன்னதைவிட நாம் செய்ததையே நினைவில் கொள்வார். "ஒரு நிமிடம்தானே!" என்று கவசமின்றி நாம் உளியைத் தொட்டால், அந்தப் பழக்கமும் அவரோடு சென்றுவிடும். ஒருவர் கண் இழப்பதற்கு அந்த ஒரு நிமிடமே போதும்.

உளியின் இலக்கணம்

உளியைப் பிடிக்கும் முறைக்கு மூன்று படிகள் உண்டு. முதலில் உளியைத் தாங்கியின்மீது ஊன்ற வேண்டும். அடுத்து, தீட்டிய சரிவின் முதுகு மரத்தின்மீது மெல்லப் பதிய வேண்டும். இந்நிலையில் உளி தேய்க்குமேயன்றி வெட்டாது. பின்னர்க் கைப்பிடியைச் சிறிது உயர்த்தினால் கூர்வாய் மரத்தைத் தொட்டு, சுருள் சுருளாகச் சீவல் வரத் தொடங்கும். ஊன்று, பதி, வெட்டு! இம்மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

இதற்கு உடல் வலிமை வேண்டுமோ என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழலாம். வேண்டியதில்லை. மரத்தைச் சுழற்றுவது மின்விசை. வெட்டுவது உளியின் கூர்மை. நாம் செய்வது வழிகாட்டுவது மட்டுமே. அழுத்த வேண்டியிருந்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். சுருளுக்குப் பதிலாகப் பொடி உதிர்ந்தாலும் அவ்வாறே. சன்னபட்னாவின் பட்டறைகளில் பெண்களும் இத்தொழிலைத் திறம்படச் செய்து வருகின்றனர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

படிப்படியாகக் கடைதல்

கட்டையின் இரு முனைகளிலும் மூலைவிட்டங்களை வரைவோம். அவை வெட்டும் புள்ளியே நடுப்புள்ளி. கணித வகுப்பில் கற்றது இங்கே பயன்படுகிறது! இரு நடுப்புள்ளிகளும் பற்றப்படுமாறு கட்டையைப் பொறியில் பொருத்தி, கையால் ஒருமுறை சுழற்றி, அது எங்கும் இடிக்கவில்லை என உறுதி செய்த பின்னரே விசையைத் தட்ட வேண்டும்.

முதலில் குழிவான வாயுள்ள பெரிய உளியால் மூலைகளை நீக்குவோம். அப்போது டக் டக் என்ற ஒலி கேட்கும். மூலைகள் மறைய மறைய அது சீரான இரைச்சலாக மாறும். "ஒலியைக் கவனியுங்கள்" என்று சொன்னால், கண்ணுக்கு எட்டாதவரும் காதால் பின்தொடர்வர்.

அடுத்து, பம்பரத்தின் அகன்ற பகுதியைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து கூர்முனை நோக்கிச் சரிவாக்குவோம். எப்போதும் அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்திற்கே உளி இறங்க வேண்டும். மரத்தின் இழைகள் நீளவாக்கில் செல்வதால், இறங்கும்போது ஒவ்வோர் இழையையும் அடியிலுள்ள இழை தாங்கி நிற்கிறது. ஏறும்போது தாங்க ஒன்றுமின்றி இழை பிய்ந்து எழும்பும். மூடிய புத்தகத்தின் ஓரத்தை ஒருபுறமாகவும் எதிர்ப்புறமாகவும் தடவிக் காட்டியும் இதை விளக்கலாம்.

பின்னர்ச் சாட்டை பற்றிக்கொள்ளும் பள்ளக் கோடுகளை இடுவோம். தாங்கியை அகற்றிவிட்டு, உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்போம். அப்போது எழும் நுண்தூளை எளிதாக எண்ணலாகாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியது. எனவே மூக்கை மறைக்கும் தூசிக்கவசம் வேண்டும். சன்னல்களும் திறந்திருக்க வேண்டும்.

மெருகேற்ற அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்தினால் உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். உலர்ந்த தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். துணியைப் பயன்படுத்தலாகாது, அது சுற்றிக்கொள்ளும். இறுதியில் பொறியை நிறுத்தி, பம்பரத்தைச் சிறு இரம்பத்தால் அறுத்தெடுப்போம். கூர்முனையில் பொறியின் ஊசி பதிந்த குறியே மையம். அங்கேயே துளையிட்டு ஆணியை இறக்கினால் பம்பரம் நிலைத்துச் சுற்றும். சற்றே விலகினாலும் எடை ஒருபுறம் சாய்ந்து தலையாட்டும்.

பேசும் முறை

பொறி ஓடும்போது நீளமாகப் பேசுவதில் பயனில்லை. இரைச்சலில் சொல் மறையும், கவனமும் சிதறும். எனவே ஒவ்வொரு படிக்கும் முன்னே நிறுத்தி, செய்யப்போவதைச் சொல்வோம், செய்வோம், மீண்டும் நிறுத்தி, செய்ததைக் காட்டுவோம். ஒருவர் கேள்வி கேட்டால் அதனை எல்லோருக்கும் கேட்குமாறு திரும்பச் சொல்லி, பிறகு விடை கூறுவோம். உளி இடறி மரத்தில் வடு விழுந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. ஏன் இடறியது, அதை எவ்வாறு சரிசெய்வது என்று விளக்கினால் அதுவே அன்றைய மிகச் சிறந்த பாடமாகிவிடும்.

வேலை முடிந்ததும் பம்பரத்தை நாமே ஆட்டிக் காட்டாமல், கூட்டத்திலுள்ள ஒருவரிடம் கொடுத்து விடச் சொல்வோம். விருப்பமுள்ளோரைப் பொறி நின்ற நிலையில் அருகழைத்து, உளியைக் கையில் பிடித்துப் பார்க்கச் செய்வோம். அதன் எடையை உணர்ந்த கைக்கு அச்சம் குறையும்.

அன்புத் தோழியரே! கையில் உள்ள கலை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கண்ணால் கண்டே பரவி வந்துள்ளது. புத்தகம் துணை நிற்குமேயன்றி முழுவதும் கற்றுத் தராது. ஆதலால் அறிந்தவர் முன்வந்து காட்ட வேண்டும்; காணுபவர் கேள்வி கேட்க வேண்டும். தையலோ, பூவேலையோ, கடைசலோ, எதுவாயினும் நாம் அறிந்த ஒன்றை மற்றொருவர் கைக்கு மாற்றிக் கொடுப்போம். அக்கலை வாழும், நாமும் அதனோடு வளர்வோம்.